வீட்டுக்குள் சம்பங்கி: கிழங்கு நடுவது முதல் பூக்கும் வரை

ஹயசிந்த் என்னும் குளிர்நாட்டு மணப்பூவின் கிழங்கை ஆன்லைனில் வாங்கினால் முதலில் 10 வாரமாவது பிரிட்ஜில் குளிரவைக்க வேண்டும். பக்கத்தில் பழம் இருந்தால் அது விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். நாகர்கோவில் வெக்கைக்கு அந்தப் பாடு எதற்கு? சம்பங்கிக்குக் குளிரே வேண்டாம்.

ஒற்றை அடுக்கு ரகமாக வாங்குங்கள், பிரஜ்வல் நல்லது. பல அடுக்குச் சம்பங்கி பார்க்கத்தான் அழகு, மணம் குறைவு. உள்ளி (சின்ன வெங்காயம்) மாதிரி இருக்கும் கிழங்கு 2.5 செ.மீ. குறுக்களவாவது இருக்கட்டும். சிறியது அந்த முறை இலை மட்டுமே விடும். அமுக்கினால் கொழகொழத்தால் வேண்டாம். புதிதாகத் தோண்டியதை ஒரு மாதம் நிழலில் பரப்பி வையுங்கள்.

10 அங்குல மண்தொட்டிக்கு 3 கிழங்கு. செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய சாண உரம் 1. தென்னை நார்த்தூள் சேர்க்காதீர்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் அது காயவே காயாது. லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்து, கிழங்கை அரைமணி நேரம் ஊறவைத்து, முனைக்கு மேல் 3 செ.மீ. மண் வருமாறு நடுங்கள்.

பலருக்கும் கிழங்கு அழுகுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் ஊற்றவே கூடாது. வேரும் இலையும் இல்லாத கிழங்கு தண்ணீரை இழுக்காது. தேங்கிய ஈரம் கிழங்கின் அடிப்பாகத்தை அழுகவைத்துவிடும். முளைக்கவில்லையே என்று கூடுதலாக ஊற்றாமல், மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மூடிவிடலாம். புளித்த வாடை வந்தால் எடுத்து எறியுங்கள், மற்றதற்கும் பரவும். நாலைந்து இலை வந்தபின் தாராளமாக ஊற்றலாம். அடியில் வைத்த தட்டில் மட்டும் தண்ணீர் நிற்கக் கூடாது.

தினம் 5 மணி நேர வெயில் வேண்டும். தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் சித்திரை தொடங்கி ஆவணி நடுவரை சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்து போவதால், அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் உச்சி வெயில் விழாது. மேற்கு ஜன்னல் அல்லது பால்கனி நம்பகமானது.

இலை மட்டும் தழைத்துப் பூத்தண்டு வரவில்லை என்றால் வெயில் போதவில்லை, அல்லது யூரியா கூடிவிட்டது. யூரியாவை நிறுத்திவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

ஏறக்குறைய 3 மாதத்தில் தண்டு வரும். குச்சி ஊன்றிக் கட்டி, அடிப்பூ இரண்டு விரிந்ததும் ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். இரவில்தான் மணம் தூக்கும். படுக்கையறையில் வைத்தால் சிலருக்குத் தலை வலிக்கும். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, சுற்றிலும் விட்ட குட்டிகள்தான் பூக்கும். இலை பழுத்ததும் தோண்டி, பெரியவற்றைத் தனியாகப் பிரித்து நடுங்கள்.