ஒரே கைப்பேசி உள்ள வீட்டுக்குப் பாடம் போன வழி

2020 மார்ச் 18-இல் கொரோனா பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளியும் மூடியது. என் மாணவர்கள் பலர் வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் அப்பாவோடு செம்பனைக் காட்டுக்குப் போய்விடும். கூகுள் மீட் வகுப்பு எடுபடவில்லை.

சரி என்று பாடத்தை இரவில் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவாக அனுப்பினேன். காணொலியைவிட டேட்டா மிகக் குறைவு. லைன் விட்டுவிட்டு வந்தாலும் இறங்கிவிடும். பிள்ளைகள் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஒரு பிள்ளை ‘மழை’யை ‘மலை’ என்று வாசித்தால், அந்த வரியை மட்டும் மெதுவாகச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். வகுப்பறையில்கூட ஒவ்வொரு பிள்ளையின் ழகரத்தையும் இவ்வளவு பொறுமையாகக் கேட்க நேரம் கிடைத்ததில்லை.

பயிற்சித்தாளுக்கு மளிகைக் கடையில் இரண்டு பெட்டி. சாமான் வாங்க வரும் பெற்றோர் ஒன்றிலிருந்து எடுத்து, முடித்ததை மற்றதில் போடுவார்கள். கொரோனா கிருமி அட்டையில் 24 மணி நேரம், பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை பிழைத்திருக்கும் என்று அப்போது ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. அதனால் தாள்களை மூன்று நாள் விட்டுவைத்தே திருத்தினேன். அப்புறம், முக்கியமாகக் காற்று வழியேதான் பரவுகிறது என்று தெரிந்ததும், கடைக்குள் கூட்டம் சேராதபடி பெட்டிகளை வெளியே அஞ்சடிக்கு, அதாவது கடை முன்னுள்ள நடைபாதைக்கு, மாற்றினோம்.