இங்கிலாந்துக் கிராமத்துக்குப் போகிற படுவான்கரைக்காரருக்கு

மூன்று வருசம் ஒரு இங்கிலாந்துக் கிராமத்தில் இருந்துவிட்டு வந்தவன் என்பதால், விசா கிடைத்த தம்பி தங்கச்சிமார் எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள், எல்லாரும் கேட்பது லண்டனைப் பற்றி. நீங்கள் போகும் இடம் நாற்பது ஐம்பது வீடும் ஒரு பழைய தேவாலயமும் என்றால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற மச்சானிடம் யோசனை கேட்காதீர்கள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நம் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் இருக்கிற அப்பாவிடம் கேளுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, வாவியைக் கடக்கிற மிதவையான ‘பாதை’ எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்தே மட்டக்களப்புக்குப் போய்வந்த மனுசர் அவர்.

முதலில் பஸ். வீட்டின் போஸ்ட்கோடை வாங்கி கூகுள் மேப்பில் போட்டு, ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்து பாருங்கள். வேலை நாளில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், பல கிராமங்களுக்கு ஞாயிறு பஸ்ஸே கிடையாது. முதல் டிசம்பரில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நாலு மைல் நடந்தேன். நாலு மணிக்கே இருட்டு, தெருவிளக்கும் இல்லை, நடைபாதையும் இல்லை. அப்படி நடக்க நேர்ந்தால் வலப்பக்கமாக, எதிரே வருகிற வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். ஒரு டோர்ச் கட்டாயம். நம் லைசென்ஸில் 12 மாதம் கார் ஓடலாம், அதற்குள் அங்கத்தைய பரீட்சையைப் பாஸ் பண்ணிவிடுங்கள்.

கடை இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு மூலையில் தபாற்கந்தோரும் இருக்கும். பால், பாண், உருளைக்கிழங்கு கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்காது, கொப்பியில் எழுதிக் கடனும் கிடைக்காது. ஆனால் யார் வீடு வாடகைக்கு, பிளம்பர் யார் என்பதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியும், நம் சந்திக் கடை முதலாளி மாதிரியே. டவுனில் உள்ள பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிறு ஆறு மணித்தியாலம்தான் திறக்கும், அது சட்டம்.

டாக்டரிடம் பதிவதைக் காய்ச்சல் வரும் வரை தள்ளிப்போடாதீர்கள். அவர் அடுத்த ஊரில் இருப்பார், பதியக் காசு இல்லை. என்னிடம் முகவரிக்கு அத்தாட்சி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அது கட்டாயமில்லை என்று பிறகுதான் தெரிந்தது, நீங்கள் தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத வருத்தத்துக்குப் போனில் 111, உயிர் போகிற அவசரத்துக்கு 999. அப்புறம், சிவப்பு டெலிபோன் பெட்டியைக் கண்டால் படம் எடுத்துவிட்டுப் போய்விடாமல் உள்ளே எட்டிப் பாருங்கள், பல ஊர்களில் இப்போது அதற்குள் போனுக்குப் பதிலாக, நின்றுபோன இதயத்துக்கு ஷொக் கொடுக்கிற மெஷின் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: சூடாக்குவது எதில்? காஸ் குழாய் வராத ஊர்கள் நிறைய, அங்கே தோட்டத்துத் தாங்கியில் ஊற்றுவது மண்ணெண்ணெய்தான், அதுவும் பெரும்பாலும் 500 லீட்டருக்குக் குறைய பவுசர் கொண்டுவராது. கடும் குளிரில் முடிந்தபின் சொன்னால் போர்வைதான் கதி.

பப்பைத் தவறணை என்று நினைத்து ஒதுங்காதீர்கள், கிழவிமாரும் குழந்தைகளும் போய்ச் சாப்பிடுகிற இடம், ஒரு கோலா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வயலுக்குள்ளால் போகிற ஒற்றையடிப் பாதையிலும் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் தாராளமாக நடக்கலாம். மாடு நிற்கும், பயப்படாதீர்கள், படலையை மட்டும் இருந்தபடியே விட்டுவிட்டுப் போங்கள்.