உடம்பை வைத்து ஆய்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பெண்ணிய ஆய்வுக்கு வரும் மாணவிகள் இப்போது கேள்வித்தாளோடு நிற்பதில்லை. பெண்களோடு உட்கார்ந்து கொட்டான் என்கிற பனையோலைக் கூடை பின்னுகிறார்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறார்கள், தங்கள் உடம்பு உணர்ந்ததையும் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். நல்ல முறைதான். பழகிய கைக்குத் தெரிந்த எல்லாம் பேட்டியில் வந்துவிடாது. ரெக்கார்டரைப் போட மறப்பதைப் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானே திருந்தும்.

தன் வலியை அவர்கள் வலியாக எழுதுவது

இதைப் படித்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவி பனையோலை பின்னும் பெண்களோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பு விட்டுப்போனது. 'இடுப்பை ஒடிக்கும் உழைப்பு' என்று ஓர் அத்தியாயமே எழுதினாள். அதை நம்பி ஓர் அமைப்பு மேசை, நாற்காலி வாங்கிக் கொடுத்தது. அப்புறம் போய்ப் பார்த்தால், மேசைமேல் தண்ணீர்க்குடம். பெண்கள் வழக்கம்போலத் தரையில்.

"இடுப்பா? சின்னதுல இருந்து தரையிலதானே உக்காந்திருக்கோம். கண்ணுதான் பூத்துப்போவுது" என்றார் ஓர் அக்கா. அவர்களுக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். மாணவிக்கு வலித்தது நாற்காலியில் வளர்ந்த இடுப்பு.

எந்த அறிவும் ஓர் இடத்தில் நின்று பார்த்ததுதான் என்று அமெரிக்கப் பெண்ணிய அறிஞர் டோனா ஹாராவே 1988-இல் வாதிட்டார். அதை முன்னுரையில் மேற்கோளாகப் போடுகிறவர்கள், தங்கள் இடுப்பும் அப்படி ஓர் இடம் என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வலித்தால் அதிலிருந்து ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். "எனக்கு இங்கே வலிக்குதே, உங்களுக்கு எங்கேக்கா?" என்று கேளுங்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் வயது, சாதி, பழக்கம் எல்லாம் அந்த வலிக்குள் இருக்கிறது, அதையும் எழுதுங்கள்.

எங்கே உட்காரவைத்தார்கள் என்பதை விட்டுவிடுவது

செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின்னால் நீண்டுகொண்டே போகும். திண்ணையோடு நிறுத்தினார்களா, அடுப்படிவரை விட்டார்களா, எந்த டம்ளரில் தண்ணீர் தந்தார்கள்? எல்லாமே தரவுதான்.

ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது

வேண்டாம். அன்றே எழுதுங்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது

மாதவிடாய், கருக்கலைப்பு, அடி வாங்கிய தழும்பு என்று நம்பிச் சொல்வார்கள். சின்ன ஊரில் தெருவைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். திரும்பப் போய்ப் படித்துக்காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல பக்கமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.