பட்டமில்லாதவர் எழுதும் ஆண்களின் வரலாறு: வடசென்னையில் தொடங்குவோருக்கு

வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ வாழ்ந்த ஆண்களைப் பற்றி எழுத ஆசைதான், ஆனால் வரலாறு படித்தவனில்லையே என்று தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் வரலாறு படித்தவனில்லை. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களைத் தேடிப் போய்ப் பேசி, பதினோரு ஆண்டுகளில் நான்கு நோட்டுகளை நிரப்பியிருக்கிறேன். அவற்றுள் முதல் நோட்டு முழுவதும் வீண்.

அது வீணானதற்குக் காரணம், அதில் சண்டைகள் மட்டுமே இருந்தன. எந்தப் பரம்பரையை (குருவழி வந்த குத்துச்சண்டைக் குழுவை) சேர்ந்த குத்துச்சண்டைக்காரர் யாரை எத்தனையாவது சுற்றில் வீழ்த்தினார், எந்த வஸ்தாதின் (சிலம்ப ஆசானின்) கையில் கம்பு எப்படிச் சுழன்றது, எந்தக் குப்பத்துக்காரர் தனியாளாக எத்தனை பேரை அடித்து விரட்டினார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தபோது, பெயர்களை மாற்றிப் போட்டாலும் ஒரு வேறுபாடும் தெரியாத அளவுக்கு எல்லோரும் ஒரே ஆளாக இருந்தார்கள். வடசென்னை என்றாலே கத்திதான் என்று வெளியார் பேசும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் நாம் கேட்கும் முதல் கேள்வியும் அடிதடியைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆகவே, முதல் சந்திப்பில் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தீர்கள், வேலை இல்லாத நாளில் வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். சண்டைக் கதை கேட்காமலே வரும். சம்பளக் கதை கேட்டால்தான் வரும்.

பட்டம் இல்லையே என்னும் கவலையையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். பழைய சென்னையைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் புரட்டிப் பார்க்கும் பெருந்தொகுப்பை 1913-இல் வெளியிட்ட எச்.டி. லவ், தொழிலால் ராணுவப் பொறியாளர். இன்று தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படைச் சேகரத்தைத் தனியொருவராகத் திரட்டியவர், பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதற்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான செல்வபதி செட்டியார் கடை வைத்திருந்தவர். தலைமை ஏற்ற பி.பி. வாடியாவோ பம்பாயிலிருந்து வந்த பார்சி, பிரம்மஞான சபைக்காரர். பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் மில்லுக்குள் ஒருநாளும் வேலை செய்யாத வாடியாவிடம் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. உள்ளே இருந்தவர்களுக்குப் பழகிப்போன துன்பத்தை வெளியிலிருந்து வந்தவர் புதிதாகக் கேட்டார் என்பதே எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. தெரியாதவனாக இருப்பது உங்கள் முதலீடு; தெரிந்தவனைப் போல் நடித்தால் அது போய்விடும்.

அடுத்ததாக, "ஆண்மை" என்னும் சொல்லை நோட்டில் எழுதுவதற்கு முன் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். திருக்குறளிலேயே அது ஓரிடத்தில் நிற்பதில்லை. படைச்செருக்கு அதிகாரத்தில் பகைவர்மேல் காட்டும் அஞ்சாமையைப் பேராண்மை என்றும், அந்தப் பகைவனுக்கே ஒரு துன்பம் வந்தால் உதவுவதை அதன் கூர்மை என்றும் சொல்கிறவர், பிறனில் விழையாமை அதிகாரத்தில் பிறன்மனை நோக்காததையே பேராண்மை என்கிறார். குடிசெயல்வகையில் நல்லாண்மை என்பது பிறந்த வீட்டை ஆளாக்கி நிறுத்துவதாகிவிடுகிறது. போர்க்களம், ஒழுக்கம், குடும்பப் பொறுப்பு என்று மூன்று இடங்களில் நிற்கும் இந்தச் சொல்லை, பெரியாரோ "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் ஓர் அத்தியாயத்துக்கு "பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும்" என்றே தலைப்பிட்டுத் தூக்கி எறிகிறார். உங்களிடம் பேசுகிறவர் இவற்றுள் எந்த ஆண்மையைச் சொல்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் "ஆண்மை" என்று சொல்லவே மாட்டார். "கெத்து" என்பார், "ரோஷம்" என்பார், "அவன் ஆம்பள" என்பார். சொன்ன சொல்லையே எழுதுங்கள். கெத்து பிறர் பார்ப்பதற்காக. ரோஷம் யாரும் பார்க்காத இடத்திலும் சுடும்.

ஆவணங்களைப் பார்க்கும்போது, அவற்றை எழுதியவர் யார் என்பதை மறக்கக் கூடாது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டு ஆண்கள் போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று கருதினார். பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைவராகி அதைக் கொள்கையாகவும் நடத்தினார். ஒருபுறம் வீரமில்லாதவர்கள் என்று எழுதிய அதே அரசு, மறுபுறம் 1911-க்குப் பிறகு குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் இந்த மாகாணத்துச் சாதிகள் சிலவற்றைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் காவல் துறைக் கோப்பைத் திறப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடித்தவனும் அடிபட்டவனும் மட்டுமே அந்தக் கோப்புக்குள் வருவார்கள். விலக்கிவிட்டு வீட்டுக்குப் போனவன் வரமாட்டான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியது 1921-ஆம் ஆண்டு. பக்கிங்காம் கர்னாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் மூண்ட மோதல் புளியந்தோப்பைக் கலவர பூமியாக்கியது. வெளியே நின்றவர்களின் நினைவில் உள்ளே போனவர் "கருங்காலி". உள்ளே போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால், அதே மனிதர் பசித்த வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர். தன்னை என்றும் சமமாக உட்கார வைக்காத சங்கத்துக்காகத் தன் பிள்ளைகளைப் பட்டினி போட மறுத்தவர். இரண்டில் எது ஆண்மை என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையன்று. ஆனால் ஒரு தெருவில் மட்டும் கேட்டுவிட்டு எழுதினால் தீர்ப்பு தானாக எழுதப்பட்டுவிடும். இன்னொரு தெருவுக்கும் நடந்து போய்விட்டு வாருங்கள். பெரம்பூரிலிருந்து புளியந்தோப்பு தூரமில்லை.

இனி, பேட்டி எடுக்கும் முறை. விசைப்படகு மீனவர்களைப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது; காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டே பேசுவார்கள், கையில் வேலை இருப்பதால் பேச்சும் தடைபடாது. மற்ற நாட்களில் விடியற்காலை ஏல நேரத்தில் போய் நின்றால் வசவுதான் கிடைக்கும். டீக்கடையில் பதிவு செய்யாதீர்கள். கன்டெய்னர் லாரி போகும் சாலையோரம் என்றால் சொல்லவே வேண்டாம். என் செல்போனில் ஒரு மணி நேரப் பதிவு முழுவதும் மின்விசிறிச் சத்தமாகப் போனதுண்டு. பதிவு செய்வதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். பழைய படத்தையோ நோட்டீஸையோ வாசல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்துவிட்டு, அந்த நிமிடமே கையில் திருப்பிக் கொடுங்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்று வாங்கிப் போனவர்களால் நமக்கு முன்பே பல கதவுகள் சாத்தியாயிற்று.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். யாரும் ஆண்டைச் சொல்வதில்லை, "எம்.ஜி.ஆர். செத்த வருஷம்" என்பார்கள், அது 1987 டிசம்பர். "அலி வந்த வருஷம்" என்பார்கள், முகமது அலி நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிய 1980 அது. இந்த அலி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வடசென்னையில் ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அத்தனை பேரும் அன்று அரங்கில் இருந்ததாகவே சொல்கிறார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரியவர் தம் கடைசிப் போட்டி அலி வந்த வருஷம்தான் நடந்தது என்று என்னிடம் அடித்துச் சொன்னார். கிழிந்த வேட்டியில் ஒரு நீளத் துண்டை எடுத்து, கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, விரல் முட்டிகளின்மேல் குறுக்காக இழுத்து, பேசிக்கொண்டே கையைக் கட்டிக் காட்டினார்; அந்தக் கை ஒரு சுற்றைக்கூட மறக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "இன்னா நீ, சின்னவ வவுத்துல இருந்தப்போதானே தாடை ஒடஞ்சு வந்து படுத்த" என்றார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து, நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். சேட்டுக் கடை அடகுச் சீட்டு: ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, 1983-ஆம் ஆண்டுத் தேதி. தாடை உடைந்ததால் மூன்று வாரம் துறைமுகத்தில் கூலி இல்லை. அந்த மூன்று வாரம் வீட்டை நடத்தியது அந்தக் கொலுசு. குத்துச்சண்டை நோட்டீஸ் ஒன்றுகூடத் தராத தேதியை அந்தச் சீட்டு தந்தது. அன்றிலிருந்து, எந்த ஆணின் கதையையும் அவர் வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் நான் மூடுவதில்லை; மனைவி இல்லையென்றால் அக்காவிடமாவது கேட்பேன். அடகுச் சீட்டு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவை எப்போதும் பெண்களின் பெட்டியில்தான் இருக்கும்.

அச்சில் வந்தவற்றில், பழைய சென்னையின் குஜிலிச் சந்தைக் கடைகளில் விற்ற மலிவுப் பதிப்புப் பாட்டுப் புத்தகங்களை அவசியம் பாருங்கள்; புலவர் என்று யாரும் மதிக்காதவர்கள், கொலை, தீ, ரயில் விபத்து என்று நடந்ததை உடனுக்குடன் பாட்டாக எழுதி அச்சிட்டவை அவை. தொழிற்சங்கத் தலைவராக இருந்துகொண்டே 1927-இல் "பெண்ணின் பெருமை" எழுதிய திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளையும் படிக்கலாம். நாளிதழ்களுக்குக் கன்னிமாரா நூலகம் போதும். ஆனால் நூலகத்தை முதலில் முடித்துவிட்டுப் பிறகு மனிதர்களிடம் போகலாம் என்று எண்ணாதீர்கள். நூலகம் காத்திருக்கும், எண்பது வயதுக்காரர் காத்திருக்க மாட்டார்.

எழுதி முடித்ததும், சொன்னவரிடமே போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் அந்தப் பெரியவருக்குப் படித்துக் காட்டியபோது, இரண்டாம் சுற்றிலேயே விழுந்ததை நீக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்டுச் சிரித்தார். கொலுசு வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தி, அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அவர் மனைவி, அது தன் கொலுசு, தன் வரி, இருக்கட்டும் என்றார். நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு, தம் பெயரை எங்கும் போடக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் பெரியவர் சம்மதித்தார். ஆகவே என் நோட்டில் அந்தக் கதை அடகு வைத்தவரின் பெயரில் இருக்கிறது.