வீட்டிலேயே படிக்கும் பிள்ளையும் ஒலிம்பியாட் கணக்கும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடத்துப் பிள்ளை கஷ்டமான தேர்வு ஒன்றை எழுதிவிட்டு வெளியே வந்தால், கேட் தாண்டுவதற்குள் பாதி பாரம் இறங்கிவிடும். "ஏழாவது கணக்கு உனக்கு வந்துச்சா?" "எனக்கும் வரலடி." அவ்வளவு போதும். வீட்டில் படிக்கும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான். முதல் ரேங்க்கும் அவளே, கடைசி ரேங்க்கும் அவளே. ஒரு கணக்கு வரவில்லை என்றால், அது யாருக்குமே லேசில் வராத கணக்கு என்று அவளுக்கு யார் சொல்வது? தனக்கு மண்டை போதவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வாள். கணக்குப் போட்டிகளுக்குத் தயார் செய்யும் ஹோம்ஸ்கூலிங் பெற்றோர் சறுக்கும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தத் தனிமையைக் கவனிக்காமல் விட்டதில் வந்து நிற்கிறது.

முதல் சறுக்கல் மதிப்பெண்ணில். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், தொண்ணூறு எடுத்தால் கெட்டிக்காரி என்ற கணக்கு நம் ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. ஒலிம்பியாடுக்கு அது பொருந்தாது. சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியாவில் ஆள் தேர்ந்தெடுக்கும் வரிசையில் முதல் கட்டமான ஐஓக்யூஎம் (IOQM) தேர்வில் 30 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். விடை ஒவ்வொன்றும் 0 முதல் 99 வரை ஏதோ ஒரு முழு எண். இதில் பாதிகூட எடுக்காமல் அடுத்த கட்டமான ஆர்எம்ஓ (RMO) என்ற மண்டலத் தேர்வுக்குத் தேர்வான பிள்ளைகள் ஏராளம். இது தெரியாத அப்பா 28 என்ற எண்ணைப் பார்த்து முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பைச் சமன்செய்ய அவளுக்குப் பக்கத்து பெஞ்சு இல்லை.

சர்வதேச ஒலிம்பியாடிலேயே பாருங்கள். 2017-இல் ரியோ டி ஜெனிரோவில் மூன்றாவது கணக்காக, வேட்டைக்காரன் ஒருவன் கண்ணுக்குத் தெரியாத முயலைத் துரத்துவதாக ஒரு கேள்வி வந்தது. உலகம் முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த 615 பேர் எழுதினார்கள். 608 பேருக்கு அதில் பூஜ்ஜியம். அந்த 608 பேரில் தங்கப் பதக்கம் வாங்கியவர்களும் இருந்தார்கள். இந்தச் செய்தியைப் பிள்ளையிடம் ஒரு தடவை சொல்லி வையுங்கள். 'கவலைப்படாதே கண்ணா' என்று பத்து தடவை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

அடுத்தது, முந்திக்கொண்டு கைகொடுப்பது. பாசமுள்ள பெற்றோர் எல்லோரும் செய்வது இது. ஒரு நிஜக் கணக்கை வைத்தே பார்க்கலாம். 1964-இல் மாஸ்கோவில் நடந்த சர்வதேச ஒலிம்பியாடின் முதல் கேள்வி: இரண்டின் எந்தெந்த அடுக்குகளில் ஒன்றைக் கழித்தால் ஏழால் மீதியின்றி வகுபடும்? அதே கேள்வியின் இரண்டாம் பகுதி: ஒன்றைக் கூட்டினால் எந்த அடுக்கும் ஏழால் வகுபடாது என்று நிறுவு.

பன்னிரண்டு வயதுப் பெண் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறாள். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 16, 32, 64. ஒன்று கழித்தால் 1, 3, 7, 15, 31, 63. மூன்றாவதும் ஆறாவதும் வகுபடுகின்றன. "மூணின் மடங்கும்மா!" என்கிறாள். விடைப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் அம்மா "கரெக்ட், அடுத்தது போ" என்றால் கணக்கு ஆரம்பித்த இடத்திலேயே முடிந்துபோகிறது. ஆறு எண்களில் பார்த்தது அறுநூறாவது எண்ணிலும் நடக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சரி, "ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டாள் அம்மா. பெண் முழிக்கிறாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பென்சிலைக் கடிக்கிறாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எட்டை ஏழால வகுத்தா மீதி என்ன?" என்று எடுத்துக்கொடுக்கிறாள். மொத்தக் கணக்கும் அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது. அதைக் கேட்டவள் அம்மா என்றால் கணக்கைப் போட்டவளும் அம்மாதான்.

வாயை மூடிக்கொண்டு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். மறுநாள் அவளாகவே மீதிகளை வரிசையாக எழுதியிருக்கலாம்: 2, 4, 1, 2, 4, 1. இரண்டால் பெருக்கிக்கொண்டே போவதால் மீதி 1 வந்ததும் பழையபடி 2, 4, 1 என்றுதான் சுற்றியாக வேண்டும். சுற்றுவது தெரிந்ததும் இரண்டாம் பகுதி தானாக விழுகிறது. ஒன்று கூட்டினால் மீதி 3, 5, 2. பூஜ்ஜியம் வரவே வராது. எண் கோட்பாட்டில் ஒரு முழு அத்தியாயத்தின் வாசலை, அதன் பெயர் தெரியாமலே அவள் திறந்திருப்பாள். அந்தப் பென்சில் கடித்த நேரம்தான் படிப்பு. அதைப் போய் நாம் நோய் என்று நினைத்து மருந்து கொடுக்கிறோம்.

அப்படியானால் என்ன கேட்பது? "இதுவரைக்கும் என்ன பார்த்தே, சொல்லேன்." "இன்னும் சின்னதா ஒண்ணை எடுத்துப் பார்த்தியா?" இவை எந்தக் கணக்குக்கும் பொருந்தும் கேள்விகள், விடையைக் காட்டிக்கொடுக்காது. கணக்குத் தெரியாத பெற்றோர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள், எடுத்துக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. அதற்காக வாரக்கணக்கில் ஒரே கணக்கில் முட்டிக்கொண்டு கிடக்கவும் விடக்கூடாது. ஒரு மணி நேரம் உண்மையாக முயன்றாயிற்று, மறுநாளும் பார்த்தாயிற்று என்றால் விடையைத் திறக்கலாம். முதல் வரியை மட்டும் படித்து மூடிவிட்டு மறுபடி உட்காரச் சொல்லுங்கள்.

எழுத்து விஷயத்தில் நடக்கும் தவறு கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவரும். ஐஓக்யூஎம்மில் விடையைக் குறித்தால் போதும். ஆர்எம்ஓவில் ஆறு கணக்குகள், மூன்று மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் முழு நிரூபணம் எழுதியாக வேண்டும். விடை மட்டும் எழுதினால் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. வீட்டில் படிக்கும் பிள்ளை இத்தனை வருடமும் வாயால் விளக்கியே பழகியிருப்பாள். பாதி வாக்கியம் சொன்னாலே அம்மாவுக்குப் புரியும். திருத்துபவர் அம்மா இல்லையே! 'இதே மாதிரி மற்றதும் வரும்' என்று அவள் தாண்டிப்போகும் இடத்தில்தான் அவர் சிவப்பு மையை வைப்பார். அதனால் வாரம் ஒரு நிரூபணமாவது வீட்டுக்கு வெளியே ஒருவர் படிக்க வேண்டும். கல்லூரியில் கணிதம் படிக்கும் தெரிந்த பையன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், யாராக இருந்தாலும் சரி. ரஃப் நோட்டைக் காட்டாமல் தனியாக எழுதிய பிரதியைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். 'மூன்றாவது வரி எப்படி வந்தது?' என்று அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த தடவை எழுத்து திருந்திவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. திருத்தும் வேலை வெளியே போய்விட்டால் அம்மா அம்மாவாகவே இருக்கலாம். வகுப்பெடுப்பவரும் தேர்வு வைப்பவரும் சோறு போடுபவரும் ஒரே ஆளாக இருக்கும் வீட்டில், சாம்பார் ஊற்றும்போது "இன்னிக்கு எத்தனை கணக்கு முடிச்சே?" என்று வாய் தவறி வந்துவிடும். அந்த வீட்டில் பிள்ளைக்கு ஸ்கூல் விடுவதே இல்லை.

பாடத்திட்டத்தில் ஓடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் படிப்பதால் வேகமாகப் போகலாம் என்று பதின்மூன்று வயதில் கால்குலஸை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒலிம்பியாடுக்குக் கால்குலஸ் வேண்டாம். இயற்கணிதம், வடிவியல், எண் கோட்பாடு, எத்தனை வழிகள் என்று எண்ணும் சேர்வியல் இந்த நான்கும்தான், அவற்றில் ஆழம்தான். ஜேஇஇ கோச்சிங் பேக்கேஜை வாங்கிப் போட்டு ஒலிம்பியாடுக்கும் சேர்த்து உதவும் என்று நம்புவதும் இதே ரகம். ஒரு கணக்குக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று பழகிய கையும், சர்வதேச ஒலிம்பியாடில் இரண்டு நாளில் நான்கரை மணி நேரம் வீதம் ஆறே கணக்குகளோடு உட்காரும் கையும் வேறு.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்று வீட்டில் படித்த மாளவிகா ராஜ் ஜோஷி, கணினி நிரல் எழுதும் போட்டியான சர்வதேச தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியவர். 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடி அவரைச் சேர்த்துக்கொண்டது. நம் ஐஐடிக்கு அவர் விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. இடையில் அவருக்குக் கதவு திறந்தது நம் சென்னை கணிதக் கழகம். இப்போது சென்னை ஐஐடியே ஒலிம்பியாட் வழியாகத் தனி இடங்கள் வைத்திருக்கிறது. அதற்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் மாளவிகாவின் கதை அமையாது. ஆகவே பள்ளிக்குப் போகாமலே எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் (என்ஐஓஎஸ்) பத்து, பன்னிரண்டு தேர்வுகளை ஒரு மூலையில் ஓடவிடுங்கள். போட்டிக்கான பதிவையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஐஓக்யூஎம் மையங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள்தான். வெளியிலிருந்து ஒரு பிள்ளை வந்தால் எந்த வகுப்பு, என்ன சான்று என்று கேட்பார்கள், அதைப் பேசி முடிக்க நாளாகும்.

துணைக்கு ஆள் தேடும் வேலையும் பெற்றோருடையது. சென்னையில் 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்எம்டிசி என்ற போட்டியை நடத்துகிறது. அதில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிரிவு உண்டு. ஜெயிக்க அனுப்புவதைவிட, தன்னைப் போலவே பென்சில் கடிக்கும் இன்னும் நாலு பேரைப் பார்த்துவிட்டு வர அனுப்பலாம். அங்கே பழகிய இரண்டு பேரோடு ஞாயிற்றுக்கிழமை ஒரே கணக்கை மூவரும் போட்டுப் பார்த்தால் கேட் வாசல் பேச்சு அவளுக்கும் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. கணக்கில் கெட்டிக்காரி என்பதற்காகவே பள்ளியை விடுத்த வீடுகளில், அவள் ஒருநாள் "எனக்கு இது வேண்டாம்பா" என்றால் தங்கள் முடிவே தோற்றுப்போனதாகப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் கூட. தேர்வு முடிந்த சாயங்காலம் சொன்னால் அதைக் களைப்பு என்று விட்டுவிடலாம். தேர்வே இல்லாத மாதத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் சொன்னால் நிறுத்திவிடுங்கள். பதினோராம் வகுப்பு வயதில் கணக்குக்குத் திரும்பி வந்தவர்களும் உண்டு. வராமலே போய் பௌதிகமோ வயலினோ எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.