அட்வான்ஸ் பணத்தைத் திரும்ப வாங்கிய கதை

வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த அன்று வீட்டு ஓனர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஒரு மாதம் கழித்து, "பெயின்ட் அடிக்கணும், குழாய் வேற ஒழுகுது, பாதி அட்வான்ஸ்தான் வரும்" என்றார்.

முதலில் போனில் சத்தம் போட்டேன். பேசியது எதற்கும் சாட்சி கிடையாதே! அப்புறம்தான் புத்தி வந்தது. எதற்கு எவ்வளவு பிடித்தம், பில் எங்கே என்று எழுத்தில் கேட்டேன். குடிவந்த அன்று எடுத்த போட்டோக்களையும் தேதியோடு அனுப்பினேன். குழாய்க்குக் கீழே அப்போதே நீர்க்கறை இருந்தது தெளிவாகத் தெரிந்தது. (சோம்பலில் 2 அறைகளைப் படமெடுக்காமல் விட்டிருந்தேன். நல்லவேளை, அங்கே தகராறு வரவில்லை.)

பெயின்ட் விஷயத்தில்தான் இழுபறி. 4 வருடம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அது சாதாரணத் தேய்மானம், நான் செய்த சேதம் இல்லை என்று எழுதினேன். ஆணி அடித்த ஓட்டைகள் என் கைவரிசை, அதை மறைக்கவில்லை. 14 நாளில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன்.

11ஆம் நாள் பணம் வந்தது, ஓட்டை அடைத்த கூலி மட்டும் கழித்து. அதற்கு பில்லும் வைத்திருந்தார்.