அல்ஹம்ப்ராவின் நீரையும் நிழலையும் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்வண்ண வகுப்பில் ஸ்பெயினின் கிரானடா நகரிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையை வரையச் சொல்லும்போதெல்லாம், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே புதியவர்கள் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தாள் நெளிவதும் வண்ணம் கலங்குவதும் பழகினால் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிம்பத்தைத் தலைகீழ் நகலாக வரைதல்

மிர்ட்டில் முற்றத்தில் ஏறத்தாழ 34 மீட்டர் நீளமுள்ள குளமும், அதன் வடகோடியில் ஏழு வளைவுகள் கொண்ட தூண்வரிசையும், அதற்குப் பின்னால் 45 மீட்டர் உயரமுள்ள கோமாரெஸ் கோபுரமும் உள்ளன. தரையோடு தரையாக அமைந்த தொட்டிகளிலிருந்து குறுகிய வாய்க்கால் வழியே தண்ணீர் மெல்ல இறங்குவதால் குளம் அதிகம் கலங்குவதில்லை. அதனாலேயே அதைக் கண்ணாடி என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு மாணவர் புகைப்படத்தின் மேற்பாதியைத் தலைகீழாக அச்சிட்டு, விலையுயர்ந்த முழுப் பருத்தித்தாளில் படியெடுத்து வந்தார். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கட்டடம் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றும் இதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நீர்மட்டத்துக்கு மேலே நம் கண் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அவ்வளவு கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கட்டடம் எப்படித் தெரியுமோ அதுவே பிம்பம். ஆகவே வளைவுகளின் உட்புறமும் இறவாரத்தின் அடிப்பக்கமும் பிம்பத்தில் கூடுதலாகத் தெரியும். பின்தள்ளி நிற்கும் கோபுரம் தூண்வரிசைக்கு மேல் சற்றுக் குறைவாகவே எழும். மாடியிலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகும்.

வண்ணத்தின் அடர்த்தியும் நகலாகாது. வெயில் படும் சுவர் நீரில் ஒரு படி மங்கியும், ஆழ்ந்த நிழல் சற்று வெளுத்தும் தெரியும். எதிர்க்கரையோரம் நீரைச் சாய்வாகப் பார்ப்பதால் பிம்பம் திடமாக இருக்கும். நம் காலடிக்கு நெருங்க நெருங்க அது தளர்ந்து, நீரின் பச்சை மேலோங்கும். எனவே பிம்பத்தில் முதலில் கரைய வேண்டியது கோபுரத்தின் உச்சிதான். அதையே கூர்மையாக முடித்துவைக்கிறார்கள்.

தூண்வரிசை நிழலைக் கறுப்பால் நிரப்புதல்

வெயில் படும் பளிங்குத் தரை ஒளியை மேலே எறிவதால் நிழலின் உட்கூரை இளமஞ்சளாக ஒளிரும். அல்ட்ராமரின் நீலத்துடன் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தாலே போதும், கறுப்பு வேண்டியதில்லை.

முகர்னாஸ் (தேன்கூடு போன்ற கூரை) வேலைப்பாட்டைக் குழி குழியாக வரைதல்

வேண்டாம்.

சிங்க முற்றத்தின் 124 தூண்கள்

எண்ணாதீர்கள்.

ஹெனராலிஃபே (அரண்மனையை அடுத்த தோட்ட மாளிகை) நீர்த்தாரைகள்

வெள்ளை வண்ணத்தைக் கடைசியில் பூசாமல், பின்னணிச் செடிகளின் கரும்பச்சைக்கு நடுவே தாளின் வெண்மையை விட்டுவைக்க வேண்டும். அல்ஹம்ப்ராவைக் கட்டிய நஸ்ரித் மன்னர்கள் காலத்துக் காட்சியை வரைவதானால் அந்தத் தாரைகளே கூடாது. அவை 19-ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை.